ஒன்பது பாட்டு, இரண்டு பக்கம்

பௌஹவுஸ் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவின் பேரைக் கேட்டதும் எல்லோரும் சொல்வது 'பேலா லுகோசிஸ் டெட்' பாட்டைத்தான். ஒன்பது நிமிடத்துக்கும் மேல் ஓடும் பாட்டு. 1979-ல் ஸ்மால் வொண்டர் என்ற சிறிய நிறுவனம் அதைப் பன்னிரண்டு அங்குல சிங்கிளாக வெளியிட்டது. கோத்திக் ராக் என்ற இருண்ட தொனி கொண்ட இசை வகைக்குப் பிள்ளையார் சுழி போட்டதே அதுதான் என்பார்கள். எனக்கும் அந்தப் பாட்டு உயிர். ஆனால் இங்கே நான் எழுத வந்தது, அந்தப் பாட்டு இல்லாத ஒரு ரெக்கார்டைப் பற்றி.

1980 இறுதியில் 4ஏடி என்ற இசை நிறுவனம் வெளியிட்ட அவர்களுடைய முதல் ஆல்பம் 'இன் த ஃப்ளாட் ஃபீல்டு'. ஊரே பேசும் ஒரு பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதை முதல் ஆல்பத்தில் சேர்க்காமல் விட எவ்வளவு துணிச்சல் வேண்டும்! சேர்த்திருந்தால் மற்ற எல்லாப் பாட்டும் அதற்குத் துணைக்கு நிற்பதுபோல் ஆகியிருக்கும். விட்டதால்தான் இந்த ஒன்பது பாட்டும் தம் சொந்தக் காலில் நிற்கின்றன.

நான் இதை முதலில் கேட்டது நண்பனிடம் இரவல் வாங்கிய சி.டி.யில். 1988-ல் வந்த அந்தப் பதிப்பில் 'டார்க் என்ட்ரீஸ்', 'டெலிகிராம் சாம்' என்று சிங்கிள்களையும் அவற்றின் பின்பக்கப் பாட்டுகளையும் சேர்த்திருந்தார்கள். எல்லாமே நல்ல பாட்டுகள்தான், குறை சொல்லவில்லை. ஆனாலும் பல வருடங்களாக இந்த ஆல்பத்தை ஒரு பெரிய பாட்டு மூட்டையாகத்தான் நினைத்திருந்தேன். எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்ற உணர்வே எனக்கு இருந்ததில்லை. 2018-ல் ரெக்கார்டு மறுபதிப்பாக வந்தபோது வாங்கி, ஊசியை வைத்துக் கேட்ட அன்றுதான் இதற்கு ஒரு உருவம் இருக்கிறது என்று புரிந்தது.

முதல் பக்கம் தொடங்குவது 'டபுள் டேர்' பாட்டில். டேவிட் ஜேயின் பேஸ் கிட்டார் கரகரவென்று கிழிந்துகொண்டே நுழைகிறது. இந்தப் பாட்டை அவர்கள் முதலில் பதிவு செய்தது பிபிசியில் ஜான் பீலின் வானொலி நிகழ்ச்சிக்காக. ஸ்டுடியோவில் மறுபடி எடுத்துப் பார்த்தும் அந்த வேகம் வரவில்லை. அதனால் வானொலிப் பதிவையே அனுமதி வாங்கி ஆல்பத்தில் போட்டுவிட்டார்கள். தயாரிப்பாளரும் அவர்களே என்பதால் இந்த முடிவை எடுக்க முடிந்தது. வெளியிலிருந்து ஒரு பெரிய தயாரிப்பாளர் வந்திருந்தால் இன்னும் இருபது டேக் எடுக்கச் சொல்லியிருப்பார் என்பது என் எண்ணம்.

அடுத்து தலைப்புப் பாட்டு 'இன் த ஃப்ளாட் ஃபீல்டு', அதாவது 'தட்டையான வெளியில்'. இவர்களுடைய ஊரான நார்தாம்ப்டன், இங்கிலாந்தின் நடுவே செருப்புத் தொழிலுக்குப் பேர்போன ஊர். பாடகர் பீட்டர் மர்பி அச்சகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளித் தோழன் டேனியல் ஆஷ் வந்து பாடக் கூப்பிடும்வரை அவருக்கு இசைக்குழு அனுபவமே கிடையாது. பேஸ் வாசிக்கும் டேவிட் ஜேயும் டிரம்ஸ் வாசிக்கும் கெவின் ஹாஸ்கின்ஸும் அண்ணன் தம்பி. மேடும் பள்ளமும் இல்லாத, எதுவுமே நடக்காத ஒரு வாழ்க்கையிலிருந்து தப்பிக்கத் துடிக்கும் பாட்டு இது. கெவின் சிம்பல் என்ற உலோகத் தட்டுகளின் பக்கமே அதிகம் போகாமல் டாம் எனும் தோல் முரசுகளில் உருட்டிக்கொண்டே போக, ஆஷின் கிட்டார் தகரத்தைச் சுரண்டுவதுபோல் மேலே ஏறுகிறது. கோத்திக் என்றால் கல்லறை, வௌவால், கறுப்பு உடை என்று நினைப்பவர்கள் இந்தப் பாட்டை ஒருமுறை கேட்க வேண்டும். இதில் இருக்கும் பயம் பேயைப் பார்த்து வருவதல்ல. இதே தெருவில் இப்படியே கிழவனாகிவிடுவோமோ என்ற பயம்.

முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு 'ஸ்பை இன் த கேப்'. லாரியின் வேகத்தையும் ஓட்டும் நேரத்தையும் பதிவு செய்யும் டேக்கோகிராஃப் கருவிக்கு பிரிட்டிஷ் ஓட்டுநர்கள் வைத்த பட்டப்பெயர் அது. ஓட்டுநருக்குப் பக்கத்திலேயே ஒரு ஒற்றன். பாட்டு முழுக்க ஒரு மின்னொலி சீராகத் துடித்துக்கொண்டே இருக்கிறது. 1980-லேயே வேலையிடத்துக் கண்காணிப்பைப் பற்றி இப்படி ஒரு பாட்டு! இன்று உணவு கொண்டுவரும் பையனின் ஒவ்வொரு நிமிடத்தையும் செல்போன் செயலி கணக்கெடுப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தத் துடிப்புதான் காதில் கேட்கிறது. சி.டி.யில் இது முடிந்ததும் அடுத்த பாட்டு வந்து விழுந்துவிடும். ரெக்கார்டில் அப்படியில்லை. ஊசி உள்வட்டத்துக்குப் போய்ச் சுற்றுகிறது, அறை அமைதியாகிறது, நான் எழுந்து போய்த் திருப்பிப் போட வேண்டும். அந்த அரை நிமிட அமைதியையும் சேர்த்துத்தான் அந்தப் பாட்டு என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாம் பக்கத்தில் 'ஸ்மால் டாக் ஸ்டிங்க்ஸ்' எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது, ஒப்புக்கொள்கிறேன். 'ஸ்டிக்மாட்டா மார்ட்டிர்' வேறு ரகம். கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்த மர்பி, தேவாலயத்தில் சொல்லும் லத்தீன் மந்திரத்தைச் சொல்லிச் சொல்லி அதைக் கதறலாக்கிவிடுகிறார். கேலிக்காகச் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. சின்ன வயதில் மண்டியிட்டுக் கேட்ட வார்த்தைகள் பெரியவனான பிறகும் உடம்பை விட்டுப் போகாமல் இருப்பதைத்தான் அதில் கேட்கிறேன்.

கடைசியில் ஏழு நிமிட 'நெர்வ்ஸ்'. இங்கே ரெக்கார்டின் குறையையும் சொல்லிவிடுகிறேன். தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்று ஒரே கதியில்தான் சுற்றும். ஆனால் வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் நொடிக்கு ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் தடம் ஓடுகிறது என்றால், நடுவுக்குப் போகப் போக அதில் பாதிகூட இருக்காது. ஒலியை நெருக்கி எழுத வேண்டியிருப்பதால் கூர்மையான ஒலிகள் அங்கே கொஞ்சம் சிதையும். மர்பியின் 'ஸ்' ஓசை இந்தப் பாட்டில் எனக்கு உறுத்தத்தான் செய்தது. ஊசியைச் சுத்தம் செய்து, ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜின் கோணத்தைச் சரியாக அமைத்த பிறகு பாதிக்கு மேல் சரியாயிற்று. மீதிச் சிதைவோடு வாழப் பழகிவிட்டேன்.

ஆல்பம் வந்தபோது பிரிட்டிஷ் இசைப் பத்திரிகைகள் இதைக் கிழித்துத் தொங்கவிட்டன. பாடல்களே இல்லை, அகம்பாவம், மந்தம் என்றெல்லாம் 'சவுண்ட்ஸ்' எழுதியது. 'என்எம்இ'யும் விடவில்லை. ஆனால் வாங்கியவர்கள் வேறு மாதிரி நினைத்தார்கள். சிறிய சுயேச்சை நிறுவனங்களின் வெளியீடுகளுக்கான இண்டி விற்பனைப் பட்டியலில் முதலிடம், பொதுப் பட்டியலில் 72-ஆம் இடம். மிகையாக நடிக்கிறார்கள் என்பதுதான் விமர்சகர்களின் கோபம். மிகை உண்மைதான். எங்கள் தெருக்கூத்தில் கட்டியக்காரன் திரைக்கு முன்னால் வந்து நிற்கும்போது அவனிடம் யாராவது அடக்கமாகப் பேசு என்பார்களா? மேடைக்கென்று ஒரு குரல் உண்டு. இவர்கள் அந்தக் குரலில் பாடினார்கள்.

அட்டையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். டுவேன் மைக்கேல்ஸ் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். ஆடையில்லாத ஒரு மனிதன் நீண்ட ஊதுகுழலை ஊதுகிறான். சி.டி. உறையில் அது தபால்தலை மாதிரி இருந்தது. பன்னிரண்டு அங்குலத்தில் பார்க்கும்போது அந்த உடம்பின் விறைப்பு தெரிகிறது.

எந்தப் பதிப்பை வாங்குவது என்று உள்பெட்டியில் இருவர் கேட்டிருந்தீர்கள். 1980-ன் முதல் அச்சுதான் வேண்டும் என்று பெரிய விலை கொடுக்காதீர்கள். கீறல் இல்லாத எந்த மறுபதிப்பும் போதும், ஒன்பது பாட்டு மட்டும் இருக்கிறதா என்று பின்னட்டையைப் பார்த்து வாங்குங்கள். இணையத்தில் கேட்பவர்களாக இருந்தாலும் சரி, 'ஸ்பை இன் த கேப்' முடிந்ததும் நிறுத்திவிட்டு, எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மீதியைக் கேளுங்கள்.