பனி பெய்யாத இரவிலும் காரை எங்கே விடுவது?

ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் பேஸ்மென்ற் (வாடகைக்கு விடுகிற நிலக்கீழ் வீடு) தேடுகிற குடும்பங்கள் இப்போதெல்லாம் வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பே ஒரு விஷயத்தைக் கேட்டுவிடுகிறார்கள்: "கார் விட இடம் இருக்கோ?" ஒரு காருக்கு இடமுண்டு என்றால் நல்ல வீடு. இரண்டுக்கு இருந்தால் அதிர்ஷ்டம். இடமே இல்லை, "தெருவில விடலாம், ஒருத்தரும் ஒண்டும் சொல்ல மாட்டினம்" என்று வீட்டுக்காரர் சொன்னால், அந்தக் குடும்பம் நவம்பர் முடிந்ததும் படப்போகிற பாடு எனக்குத் தெரியும். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சட்டம். ரொறன்ரோவில் வேறு அறிவிப்புப் பலகை இல்லாத தெருவில் ஒரு காரை அதிகபட்சம் மூன்று மணித்தியாலம்தான் விடலாம். பகலும் அப்படித்தான், இரவும் அப்படித்தான். இரவு முழுக்கத் தெருவில் விட அனுமதிப் பத்திரம் வாங்கும் முறை ஒன்று இருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் பழைய ரொறன்ரோ நகரத்துக்கும் அதை ஒட்டிய பகுதிகளுக்கும் உரியது. 1998இல் ஸ்காபரோவையும் சேர்த்து எல்லாம் ஒரே மாநகரமாகிவிட்டன. வரி ஒரே மாநகரசபைக்குத்தான் போகிறது. ஆனாலும் ஸ்காபரோவின் பெரும்பாலான குடியிருப்புத் தெருக்களில் அந்த அனுமதிப் பத்திரத்தைக் காசு கொடுத்தும் வாங்க முடியாது. பக்கத்து நகரங்களான மார்க்கத்துக்கோ பிரம்ப்டனுக்கோ போனால் இன்னும் இறுக்கம்: அதிகாலை 2 மணி முதல் 6 மணி வரை தெருவில் கார் நிற்கவே கூடாது. பிரம்ப்டனில் விண்ணப்பித்தால் ஒரு காருக்கு வருடத்தில் 14 இரவுகள் விலக்குத் தருகிறார்கள். விருந்தாளிக்கு அது போதும். குடியிருப்பவருக்கு எப்படிப் போதும்?

கோடையில் இதைப் பெரிதாக யாரும் கவனிப்பதில்லை. தெருவில் நான்கு கார் கூட நின்றாலும் பக்கத்து வீட்டுக்காரர் பேசாமல் இருந்துவிடுவார். பனிக்காலம் வந்ததும் நிலைமை மாறுகிறது. பனி வழிக்கும் வண்டி வரவேண்டும், கார் மறிக்கிறது என்று முறைப்பாடு போகிறது. காலையில் கண்ணாடியில் அபராத டிக்கெற் இருக்கிறது.

டிக்கெற் வாங்குகிறவர்கள் யார் என்று பாருங்கள். மாலை 3 மணி முதல் இரவு 11 மணி வரை முதியோர் இல்லத்தில் வேலை செய்துவிட்டு வருகிற அக்காமார். ஏஜாக்ஸிலும் மிசிசாகாவிலும் களஞ்சியசாலைகளில் இரவு வேலைக்குப் போகிற பெடியள். விமான நிலையத்தில் விடியற்காலை நாலு மணிக்கு நிற்கவேண்டியவர்கள். இவர்களைப் பார்த்து "பஸ்ஸில போகலாமே" என்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். 2023 யூலையில் ஸ்காபரோ ஆர்.ரி. தடம் புரண்ட பிறகு அந்த ரயில் பாதையையே மூடிவிட்டார்கள். இருந்த ஒன்றும் போய், அந்தப் பாதைக்குப் பஸ்தான் ஓடுகிறது. ஊரே உறங்குகிற நேரத்தில், எல்லை தாண்டி இன்னொரு நகரசபைப் பகுதியிலுள்ள வேலைத்தலத்துக்கு இரண்டு மூன்று பஸ் மாறி, மைனஸ் பதினைந்தில் தரிப்பிடத்தில் நின்று போய்வரச் சொல்வது நியாயமா? அவர்களுக்குக் கார் ஆடம்பரம் இல்லை. கார் இல்லையென்றால் அந்த வேலை இல்லை.

வீட்டு முன்றலில் இடம் இருப்பவர்களுக்கும் நிம்மதி கிடையாது. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கார் நிற்கும். மேல்வீட்டு அண்ணை ஐந்து மணிக்கு எடுக்கவேண்டும், கீழ்வீட்டு அக்கா பதினொன்றரைக்கு வந்து பின்னால் விட்டிருக்கிறார். ஐந்து மணிக்கு அவரை எழுப்பி, அவர் கோட்டும் சப்பாத்தும் போட்டு வந்து, கண்ணாடியில் உறைந்ததைச் சுரண்டி, காரை வெளியே எடுத்து, திரும்ப உள்ளே விட்டு... இப்படி ஒவ்வொரு நாளும் நடந்தால் ஒரே கூரையின் கீழ் இருக்கிற இரண்டு குடும்பம் முகம் பார்த்துக் கதைக்காமல் போகும். போயும் இருக்கிறார்கள். நல்ல சனம், கார் இடத்தால் கெட்டுப்போனது.

இனி மற்றப் பக்கத்தையும் சொல்லவேண்டும், ஏனென்றால் அதுவும் உண்மை. இரண்டு பக்கமும் கார் நிற்கிற ஒடுங்கிய தெருவில் பனி வழிக்கும் வண்டி நுழைய முடியாது. நுழைந்தாலும் காரைச் சுற்றி வளைந்துதான் போகும். கார் போனபிறகு அந்த இடத்தில் ஒரு பனி மேடு இறுகிக் கிடக்கும். அடுத்த கொட்டலில் தெரு இன்னும் ஒடுங்கும். தீயணைப்பு வண்டியும் அம்புலன்ஸும் வரவேண்டிய தெரு அது. 2025 பெப்ரவரியில் ஒன்றன்பின் ஒன்றாக வந்த புயல்கள் சில நாட்களுக்குள் 50 செ.மீ.க்கும் மேல் கொட்டியபோது நாம் எல்லோரும் பார்த்தோம். வழித்த பனியைப் போட இடமில்லாமல் வாரக்கணக்காக அள்ளினார்கள். நடைபாதைகள் மூடிக் கிடந்தன. கைத்தடியோடு நடக்கிற வயதானவர்கள் நடுத்தெருவில் நடந்தார்கள். அப்படியான இரவில் தெருவில் காரை விடாதே என்று மாநகரம் சொன்னால், அதற்கு நான் முழு மனதோடு கட்டுப்படுவேன். அந்த வண்டிகளை விடிய விடிய ஓட்டுகிறவர்களும் இரவு வேலைக்காரர்கள்தான். அவர்களுக்கு வழிவிடவேண்டும்.

ஆனால் பனி பெய்யாத இரவுக்கு என்ன காரணம்?

ரொறன்ரோ மாநகரத்தின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். விரைவுச்சாலைகளில் 2.5 செ.மீ. சேர்ந்ததும் வண்டி வழிக்கத் தொடங்கும். பெரிய வீதிகளில் 5 செ.மீ. நம் வீடுகள் இருக்கிற உட்தெருக்களில் 8 செ.மீ. சேர்ந்தால்தான் வண்டி வரும். அதற்குக் குறைந்தால் வராது. அதில் எனக்குக் குறை இல்லை, செலவு பார்த்துத்தான் செய்வார்கள். ஆனால் 3 செ.மீ. தூவிய இரவில் வழிக்கும் வண்டியே வராத தெருவில், "பனி வழிக்க இடைஞ்சல்" என்று ஒரு காருக்கு எதிராக முறைப்பாடு எடுப்பது எப்படிச் சரியாகும்? மார்கழி முதல் பங்குனி வரை எடுத்தால், உட்தெருவில் வண்டி வழிக்கும் இரவுகளை விட வழிக்காத இரவுகள்தான் மிக அதிகம். அந்த இரவுகள் எல்லாவற்றிலும் தெருவோரம் வெறுமையாகக் கிடக்கிறது. காரோடு ஒரு மனிதர் அதே தெருவைச் சுற்றிக்கொண்டிருக்கிறார்.

தடை பனியைப் பார்த்து வரவேண்டும், கலண்டரையோ கடிகாரத்தையோ பார்த்து வரக்கூடாது. நான் சொல்ல வந்தது இதுதான்.

இது நடக்காத காரியம் இல்லை. ஒட்டாவா ரொறன்ரோவை விடக் கூடப் பனி கொட்டுகிற ஊர். அங்கே பொதுவாக 7 செ.மீ. அல்லது அதற்கு மேல் கொட்டும் என்று வானிலை முன்னறிவிப்பு வந்தால் பனிக்கால இரவுத் தடையை அறிவிக்கிறார்கள். மின்னஞ்சலில் அறிவித்தல் பெறப் பதிந்துவைக்கலாம். அமெரிக்காவின் மினியாபொலிஸில் பனி அவசர நிலை அறிவித்தால் மூன்று நாள் ஒழுங்கு ஒன்று இருக்கிறது: முதல் இரவு பெரிய வீதிகளில் விடக்கூடாது, அடுத்த நாள் உட்தெருக்களில் இரட்டை இலக்க வீடுகள் இருக்கிற பக்கம் கூடாது, மூன்றாம் நாள் ஒற்றை இலக்கப் பக்கம் கூடாது. முதல் நாள் உட்தெரு, பிறகு ஏதாவது ஒரு பக்கம் என்று காருக்கு எப்போதும் ஓரிடம் இருக்கும். தெருவும் முழுதாகத் துப்புரவாகும்.

மொன்றியலில் சொந்தக்காரர் இருப்பவர்களுக்கு அந்தச் சைரன் சத்தம் தெரிந்திருக்கும். பார்க் எக்ஸ்டென்ஷனிலும் கோட்-டே-நேஜிலும் நம்மவர்கள் எத்தனையோ பேர் மூன்று மாடிக் கட்டடங்களில் முன்றலே இல்லாமல் இருக்கிறார்கள். கார்கள் எல்லாம் தெருவில்தான். அந்த நகரத்தில் ஒரு வருடத்தில் ஏறக்குறைய இரண்டு மீற்றர் பனி கொட்டுகிறது. ஒவ்வொரு பெரிய கொட்டலுக்கும் பிறகு பனியை ஓரத்தில் ஒதுக்கிவைக்காமல் லொறியில் அள்ளிக்கொண்டுபோய், ஃபிராங்கொன் என்ற பழைய கற்குழி போன்ற இடங்களில் கொட்டுகிறார்கள். எந்தத் தெருவை எப்போது அள்ளப்போகிறார்கள் என்று செம்மஞ்சள் பலகை நடுவார்கள். அள்ளுவதற்கு முன் சைரன் ஊதிக்கொண்டு ஒரு வண்டி வரும். அப்போதும் எடுக்காத காரைக் கட்டியிழுத்துப் பக்கத்துத் தெருவில் விட்டு, டிக்கெற்றும் எழுதுவார்கள். கண்டிப்புத்தான். ஆனால் கூடவே, அள்ளுகிற இரவுகளில் காரை இலவசமாக விட்டுவைக்கச் சில தரிப்பிடங்களைத் திறந்துவிடுகிறார்கள். எங்கே விடக்கூடாது என்று சொல்கிறவர் எங்கே விடலாம் என்றும் சொல்கிறார். இங்கே நமக்கு அந்த இரண்டாவது வசனத்தை யாரும் சொல்வதில்லை.

சிக்காகோவில் இரண்டு விதமும் இருக்கிறது. அங்கே 107 மைல் நீளப் பெரிய வீதிகளில் டிசம்பர் 1 முதல் ஏப்ரல் 1 வரை, அதிகாலை 3 மணி முதல் 7 மணி வரை, பனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கார் நிற்கக்கூடாது. நின்றால் கட்டியிழுக்கக் குறைந்தது 150 டொலர், டிக்கெற் 60 டொலர், வைத்திருக்கிற ஒவ்வொரு நாளுக்கும் 25 டொலர். வருடா வருடம் முதல் இரவிலேயே, தரையில் ஒரு துளி பனி இல்லாதபோதும், நூற்றுக்கணக்கில் இழுத்துக்கொண்டு போகிறார்கள். அதே நகரத்தில் இன்னொரு விதியும் இருக்கிறது: வேறு 500 மைல் வீதிகளில் 2 அங்குலம் பனி சேர்ந்தால் மட்டும் தடை. இரண்டாவது விதியால் ஒரு நகரத்தை நடத்த முடியும் என்றால் முதலாவது எதற்கு?

அரசியல்வாதிகள் பனிக்குப் பயப்படுவதில் அர்த்தம் இருக்கிறது. 1979 தையில் சிக்காகோவில் கொட்டிய புயலைச் சரியாகச் சமாளிக்காததால், சில வாரங்களிலேயே மேயர் மைக்கேல் பிலாண்டிக் கட்சித் தேர்தலில் ஜேன் பைர்னிடம் தோற்றார். ரொறன்ரோவில் 1999 தையில் மேயர் மெல் லாஸ்ற்மன் இராணுவத்தையே கூப்பிட்டார். வழிக்காத தெருவுக்காகச் சனம் வாக்கை மாற்றிப் போடும் என்று எல்லோருக்கும் தெரியும். இரவு இரண்டு மணிக்குக் கார் விட இடம் தேடுகிறவர் வாக்கை மாற்றுவார் என்று இதுவரை யாரும் நினைக்கவில்லை.

இதில் என்னை மிகவும் வருத்துவது வீட்டுச் சட்டத்துக்கும் தெருச் சட்டத்துக்கும் உள்ள இடைவெளி. 2022இல் ஒன்ராறியோ அரசு சட்டம் கொண்டுவந்து, ஒரு குடியிருப்புக் காணியில் மூன்று வீடுகள் வரை வைக்கலாம் என்றது. 2023இல் ரொறன்ரோ மாநகரசபை நான்கு வரை அனுமதித்தது. நல்ல முடிவுகள், நான் இரண்டையும் வரவேற்றேன். சனத்துக்கு வீடு வேண்டும். ஆனால் முன்றல் அதே முன்றல். இரண்டு கார் நிற்கிற இடத்தில் மூன்று, நான்கு குடும்பம் வரலாம் என்று சொன்ன அரசு, அந்தக் குடும்பங்கள் இரவில் எங்கே காரை விடும் என்று ஏன் யோசிக்கவில்லை? புல்வெளியைக் கல்லால் மூடி முன்றலை அகலமாக்குவதையும் அனுமதிக்க மாட்டார்கள் (அதுவும் சரிதான், மழைநீர் போக இடம் வேண்டும்). அப்படியென்றால் மிஞ்சுவது தெரு மட்டும்தான். அதையும் பூட்டினால்?

இடம் இல்லாத ஊரும் இல்லை இது. இரவு ஒன்பது மணிக்குப் பிறகு ஸ்காபரோவைச் சுற்றிப் பாருங்கள். பள்ளிக்கூட வளவுகள், நூலகங்கள், ஐஸ் அரங்குகள், சமூக மையங்கள் எல்லாவற்றிலும் தரிப்பிடம் வெறுமையாகக் கிடக்கிறது. எல்லாம் நம் வரிப் பணத்தில் வழிக்கப்பட்டு, உப்புப் போட்டு, விளக்கும் எரிகிறது. இரவு 10 முதல் காலை 6 வரை பதிந்தவர்கள் விடலாம், ஆறரைக்கு மேல் நின்றால் டிக்கெற் என்று ஒரு மாதக் கட்டணம் வைத்தால் சனம் சந்தோஷமாகக் கட்டும். கோயில்களும் தேவாலயங்களும் கூட இதைப் பற்றி யோசிக்கலாம். பெரிய வளவுகள் வைத்திருக்கிறீர்கள், கிழமை நாள் இரவில் அங்கே யாரும் இல்லை.

எங்கள் ஆட்களைப் பற்றியும் ஒன்று சொல்லத்தான் வேண்டும். "பேஸ்மென்ற்காரராலதான் தெரு நாறுது" என்று கூட்டங்களில் கதைக்கிற நம்மவர்களைக் கேட்டிருக்கிறேன். அதில் சிலர் தாங்களே பேஸ்மென்ற்றை வாடகைக்கு விட்டிருப்பவர்கள். கேட்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. அந்த வாடகையில்தான் வீட்டுக்கடன் கட்டுகிறோம். முதல் பத்து வருடம் நாமும் யாரோ ஒருவரின் கீழ்வீட்டில்தான் இருந்தோம். அவர்களுடைய காசு வேண்டும், அவர்களுடைய கார் வேண்டாம் என்பது எந்த ஊர் நியாயம்?

விதி மாறும்வரை இந்தப் பனிக்காலத்தைத் தாண்டவேண்டும். வாடகைக்கு விடுகிறவர்கள் கார் இடம் உண்டா, எத்தனை என்பதை விளம்பரத்திலேயே எழுதுங்கள், ஒப்பந்தத்திலும் எழுதுங்கள். "தெருவில விடலாம்" என்று வாயால் சொல்லி ஏமாற்றாதீர்கள். ஒரே முன்றலைப் பகிர்கிறவர்கள் வேலை நேரங்களைத் தாளில் எழுதிக் கதவில் ஒட்டி, முடியுமென்றால் ஒரு திறப்பைப் பொதுவான இடத்தில் வையுங்கள். யாரையும் எழுப்பாமல் காரை மாற்றலாம். கட்டாயம் தெருவில் விடத்தான் வேண்டுமென்றால் தீயணைப்புக் குழாயிலிருந்து 3 மீற்றரும், சந்தியிலிருந்து 9 மீற்றரும் தள்ளி விடுங்கள். முன்றலில் விடும்போது பின்பக்கம் நடைபாதையில் நீட்டிக்கொண்டு நிற்க விடாதீர்கள், பிள்ளை வண்டி தள்ளுகிறவரும் சக்கர நாற்காலிக்காரரும் அந்த வழியால்தான் வருகிறார்கள். முன்னறிவிப்பில் 8 செ.மீ. என்று கண்டால் அன்றைக்கு எப்படியாவது தெருவிலிருந்து எடுத்துவிடுங்கள். நாம் கேட்பது நியாயமாக இருக்கவேண்டுமென்றால் பனி இரவில் தெருவை விட்டுக்கொடுக்க வேண்டும்.

2026 ஒக்ரோபர் 26ஆம் திகதி ரொறன்ரோவிலும் மார்க்கத்திலும் பிரம்ப்டனிலும் நகரசபைத் தேர்தல். வேட்பாளர்கள் கதவு தட்டும்போது பொங்கல் வாழ்த்தையும் தமிழ் மரபுத் திங்களையும் பற்றி வடிவாகக் கதைப்பார்கள். கதைக்கட்டும். அதற்குப் பிறகு, பனி பெய்யாத இரவில் தெருவில் கார் விட அனுமதிப்பீர்களா, பெய்கிற இரவுக்கு எந்தப் பள்ளிக்கூட வளவைத் திறப்பீர்கள் என்று கேளுங்கள். மாநகரசபையின் ஸ்காபரோ உறுப்பினர்கள் கூடுகிற ஸ்காபரோ சமூக சபைக் கூட்டத்தில், நிகழ்ச்சி நிரலில் உள்ள விஷயம் பற்றி எவரும் பெயர் கொடுத்துப் பேசலாம். நான் பேசப் போகிறேன். இரவு வேலை செய்கிறவர்கள் பகலில் நடக்கிற கூட்டத்துக்கு வரமுடியாது, அதனால் உங்கள் தெருவின் பெயரையும், வேலை முடிந்து வருகிற நேரத்தையும், இப்போது காரை எங்கே விடுகிறீர்கள் என்பதையும் எனக்கு உட்பெட்டியில் எழுதிவிடுங்கள். ஆட்களின் பெயர் வேண்டாம். தெருவும் நேரமும் போதும், நான் கொண்டுபோய் வாசிக்கிறேன்.