வேடந்தாங்கல் ஏரிக்குள் மட்டும் இல்லை

சீசன் தொடங்கிவிட்டால் போதும், முகநூல் முழுக்க வேடந்தாங்கல் படங்கள்தான். சங்குவளை நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன் என்று ஒவ்வொன்றும் அழகு. நானும் நின்று பார்த்து லைக் போடுகிறவன்தான். ஆனால் அந்த ஏரியைப் பறவைகளுக்காக ஒதுக்கிய இடமாக மட்டுமே நாம் பேசிக்கொண்டிருப்பதில் எனக்குப் பெரிய வருத்தம் உண்டு. அதைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் அந்த ஊர் விவசாயிகள். பறவை எச்சம் கலந்த தண்ணீர் பாய்ந்தால் நெல் நன்றாக விளையும் என்பது அவர்களுக்குத் தெரியும். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயனல் பிளேஸிடம் முறையிட்டு, இனி யாரும் சுடக்கூடாது என்று 1798-ல் உத்தரவு வாங்கினார்கள். சூழலியல் என்ற துறைக்கு ஐரோப்பாவில் பெயர் வைத்ததே 1866-ல்தான்.

சரி, அவர்கள் காத்தது என்ன? கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும்.

ஓர் ஏரியில் விழும் வெயிலில் மிகச் சிறிய பங்கைத்தான் பாசியும் நீர்ச்செடிகளும் உணவாக மாற்றுகின்றன. பாசியை நுண்ணுயிரிகள் தின்ன, அவற்றைச் சின்ன மீன் தின்ன, சின்ன மீனைப் பெரிய மீன் தின்ன, ஒவ்வொரு படியிலும் ஆற்றலில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் மேலே போகிறது. படிக்குப் படி கூடும் குறையும், ஆனால் கணக்கு ஏறக்குறைய இதுதான். அமெரிக்காவில் மின்னசோட்டாவின் ஒரு சிறிய ஏரியை ஆராய்ந்து இந்தக் கணக்குக்கு அடித்தளம் போட்டவர் ரேமண்ட் லிண்ட்மேன். 1942-ல், இருபத்தாறு வயதிலேயே இறந்துபோனார், அந்த ஆய்வுக்கட்டுரை அச்சானதையும் அவர் பார்க்கவில்லை. மீதி ஆற்றல் எங்கே போகிறது? சூடாக வெளியேறிவிடுகிறது, திரும்பி வராது. பறவை வெப்ப இரத்தப் பிராணி வேறு. உணவிலிருந்து உடம்பில் சேரும் ஆற்றலில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் சதையாகவும் முட்டையாகவும் மாறும், மற்றதெல்லாம் பறக்கவும் உடம்பைச் சூடாக வைத்திருக்கவும் எரிந்துபோகிறது.

அதனால்தான் சுமார் முப்பது ஹெக்டேர் ஏரி ஒன்று அத்தனை ஆயிரம் பறவைகளுக்குச் சோறு போட முடியாது. அவை வேடந்தாங்கலில் மரத்தில் கூடு கட்டுகின்றன, குஞ்சு பொரிக்கின்றன, இரைக்கு வெளியே போகின்றன. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் இருக்கிற ஏரிகள், குளங்கள், தண்ணீர் நிற்கும் நெல்வயல்கள் எல்லாம் அவற்றின் சாப்பாட்டு இடங்கள். நத்தைக்குத்தி நாரை வயலில் இறங்கி நத்தையைப் பொறுக்குவதை அந்தப் பக்கம் பஸ்ஸில் போகிற எவரும் பார்க்கலாம்.

இனிமேல்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஆற்றல் எரிந்து தீர்ந்துவிடுகிறது, ஆனால் மீனில் இருந்த நைட்ரஜனும் பாஸ்பரஸும் எங்கும் தீர்ந்துபோவதில்லை. வளர்ந்த பறவைக்கு எடை கூடுவதில்லை, ஆகவே உள்ளே போன சத்து ஏறக்குறைய முழுவதும் எச்சமாக வெளியே வந்தாக வேண்டும். பகலெல்லாம் பல ஏரிகளில் மேய்ந்து சேர்த்ததைக் கொண்டுவந்து கூட்டுக்குக் கீழே இருக்கிற தண்ணீரில் விடுகின்றன. அந்தத் தண்ணீர் மதகு வழியாக ஆயக்கட்டு வயலுக்கு, அதாவது அந்த ஏரிப் பாசனத்தை நம்பிய வயலுக்குப் போகிறது. பாஸ்பரஸ் காற்றில் கலந்து திரும்பி வரும் சரக்கு இல்லை, மழைநீரோடு பள்ளம் நோக்கிப் போய்க் கடலில் சேர்வதுதான் அதன் வழக்கம். கடலுக்குப் போகும் வழியில் அதைப் பிடித்து வயலுக்குத் திருப்பிக் கொடுப்பவை இந்த மாதிரிப் பறவைக் கூட்டங்களும், கோடையில் ஏரி வண்டலை வண்டியில் ஏற்றி வயலில் கொட்டிய நம் பாட்டன்மாரும்தான். ஆட்டுக்கிடை போடுவதும் இதே வேலைதான். பகலில் புறம்போக்கில் மேய்ந்த ஆடு ராத்திரி வயலில் படுத்துப் புழுக்கை போடுகிறது. இதையெல்லாம் விட்டுவிட்டு, மொராக்கோவிலும் ஜோர்டானிலும் தோண்டிய பாஸ்பேட் பாறையைக் கப்பலில் வரவழைத்து டிஏபி உர மூட்டையாக வாங்கிக்கொண்டிருக்கிறோம். உரமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, இன்றைய விளைச்சலுக்கு அது தேவைதான். கைக்கு வந்ததையும் சேர்த்தே தொலைக்கிறோமே என்பதுதான் ஆதங்கம்.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். சரணாலயம் என்று வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டு, வட்டத்துக்குள் வேட்டை கூடாது, கட்டடம் கூடாது என்றால் கடமை முடிந்துவிட்டதாக நினைக்கிறோம். 2020-ல் ஏரியைச் சுற்றியுள்ள 5 கிலோமீட்டர் சரணாலய எல்லையைச் சுருக்கும் முன்மொழிவு வந்தபோது நிறையப் பேர் கொதித்தோம், கொதித்தது சரிதான். 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலைகளின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது சந்தோஷப்பட்டோம், அதுவும் சரி. ஆனால் இருபது கிலோமீட்டர் தள்ளி ஏதோ ஒரு பெயர் தெரியாத ஏரியில் சாக்கடை கலந்து மீன் செத்தால், அல்லது அதைத் தூர்த்து வீட்டுமனை போட்டால், அன்று வேடந்தாங்கல் கூட்டில் ஒரு குஞ்சு பட்டினி கிடக்கும். அதற்கு யாரும் கொதிப்பதில்லை, ஏனென்றால் அந்த ஏரிக்குப் போர்டு இல்லை.

மறுமுனையும் அப்படித்தான். வயலில் நெல் இருக்கும்வரை எச்சம் உரம். ஆயக்கட்டு நிலத்தை மனை மனையாகக் கூறு போட்டு விற்றுவிட்டால் மதகைத் திறக்க யாரும் வரமாட்டார்கள், சத்து ஏரிக்குள்ளேயே தேங்கும், தண்ணீர் பச்சைபிடித்துப் பாசி மண்டும், பாசி செத்து அழுகும்போது தண்ணீரில் இருக்கிற ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும், மீன் மிதக்கும். மழை குறைந்த வருடத்தில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். பறவையைக் காக்க விவசாயி வேண்டும் என்று நான் சொல்வது உணர்ச்சிவசப்பட்டு இல்லை, அந்தச் சத்து போய்ச்சேர ஓர் இடம் வேண்டும் என்பதற்காகத்தான்.

தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கிற ஊர் அது. அந்த மக்கள் அவர்கள் பங்கைச் செய்துகொண்டிருக்கிறார்கள். நாம் கேட்க வேண்டியது இதுதான்: பறவைகள் இரைக்குப் போகும் ஏரிகள் எவை என்று கண்டறிந்து, ஒவ்வொன்றையும் பெயரோடு சரணாலயத் திட்டத்தில் சேர்க்க வேண்டும். ஆயக்கட்டில் தொடர்ந்து நெல் போடுகிறவர்களுக்கு அதற்காகவே ஒரு தொகை கொடுக்க வேண்டும். செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கத்து நண்பர்கள் உங்கள் ஊர் ஏரியில் காலையில் எந்தப் பறவை இறங்குகிறது, தண்ணீர் எப்படி இருக்கிறது என்று கீழே எழுதுங்கள், பட்டியலை இங்கிருந்தே தொடங்கலாம்.