கடைக்கு நடந்து போகிறவர்கள் மனிதர்கள் இல்லையா?

ஒரு கிலோ வெங்காயமும் ஒரு பாக்கெட் எண்ணெயும் வாங்கி வர உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டுமா? ராமேசுவரத்துக்கு முன்னால் இருக்கிற மண்டபம் ஊரில் போக வேண்டியிருக்கிறது. இலங்கை அகதிகள் முகாமில் இருந்து கடைத்தெருவுக்கு நெடுஞ்சாலை ஓரமாகப் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கிற எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வாள். கேட்கத்தான் ஆள் இல்லை.

நாங்கள் 2022-இல் இலங்கையின் மன்னாரில் இருந்து வந்தவர்கள். பால்மா இல்லை, எரிவாயு இல்லை, பெற்றோலுக்கு நாள் முழுக்க வரிசை என்று அங்கே வாழ வழி இல்லாமல் போன நேரம். இங்கே அரிசி கிடைக்கிறது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், அந்த நன்றி எப்போதும் உண்டு. ஆனால் நன்றி இருக்கிறது என்பதற்காக ரோட்டில் அடிபட்டுச் சாக முடியாது. எங்களிடம் ஸ்கூட்டர் இல்லை, சைக்கிளும் இல்லை. காய், மருந்து, பிள்ளைக்கு நோட்டு எதுவானாலும் நடைதான்.

இந்த ஊரின் அமைப்பைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா, நடுவில் ஒடுங்கிய ஒரு நிலத்துண்டு. அதில் ஒரு ரயில் பாதை, ஒரு நெடுஞ்சாலை. ராமேசுவரம் போகிற பஸ், வேன், கார், மீன் லாரி எல்லாம் இந்த 87ஆம் எண் சாலையில்தான் போயாக வேண்டும், சுற்றிப் போக வேறு வழி கிடையாது. ஆடி அமாவாசை, தை அமாவாசை என்றால் கேட்கவே வேண்டாம். கார்த்திகை பிறந்துவிட்டால் சபரிமலை போய் வருகிற வண்டிகளும் சேர்ந்துகொள்ளும். பழைய பாம்பன் ரயில் பாலத்தை 2022 டிசம்பரில் மூடியதும், அந்த ரயில் சனம் முழுக்க இந்த ரோட்டில்தான் இறங்கியது. 2025 ஏப்ரல் வரை அப்படியே. சுமார் 550 கோடி ரூபாயில் புதுப் பாலம் வந்துவிட்டது, சந்தோஷம். அதே ஊரில் ஒரு பெண் பையோடு பயமில்லாமல் நடக்க நாலடி இடம் ஒதுக்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

நான் நடக்கிற இடத்தைச் சொல்கிறேன். தார் முடிகிற இடத்தில் ஒரு சாண் பள்ளம். அதற்குக் கீழே சரளையும் கடல் மணலும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசுகிற மாதங்களில் அந்த மணல் தாருக்கு மேலேயே ஏறிக் கிடக்கும், காலை வைத்தால் வழுக்கும். அதை அடுத்து சீமைக் கருவேலம். வெட்டிவிட ஆள் இல்லாமல் ரோட்டுப் பக்கமாகவே சாய்ந்து வளர்ந்திருக்கிறது. எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலப்பக்கம் நடப்பதுதான் பாதுகாப்பு என்பார்கள். சரி, நடக்கலாம். ஆனால் வலப்பக்கம் முள் முகத்துக்கு நேரே நிற்கிறதே! முள்ளுக்கு விலகினால் தாரில் ஏற வேண்டும், வண்டிக்கு விலகினால் முள்ளில் இறங்க வேண்டும்.

போன மாதம் அப்படித்தான் நடந்தது. ஒரு சுற்றுலா வேன் இன்னொரு வேனை முந்திக்கொண்டு என் பக்கமாக வந்தது. மகளை இழுத்துக்கொண்டு பள்ளத்தில் குதித்தேன். முள் செருப்பைத் துளைத்துக் குதிகாலில் ஏறியது. பையின் காது அறுந்து, தேங்காய் எண்ணெய்ப் பாக்கெட் உடைந்து, அரிசி முழுக்க எண்ணெய். மகள் அழவே இல்லை, என் சேலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அந்த ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "ஓரமாப் போம்மா!" என்று கத்திவிட்டுப் போகிறார். நான் ரோட்டிலேயே இல்லை ஐயா, முள்ளுக்குள் நிற்கிறேன்.

அதைவிட வயிற்றெரிச்சல், அதற்குப் பிறகு கேட்ட பேச்சு. "ஏம்மா, ஒரு ஆட்டோ பிடிச்சு வந்திருக்கலாம்ல?" கடைக்காரரும் இதைத்தான் சொன்னார், முள்ளை எடுத்துவிட்ட அக்காவும் இதைத்தான் சொன்னார். யாரிடம் கதைத்தாலும் இதே பதில். கடைத்தெருவில் நாலு காசு குறைவு என்றுதானே நடந்து போகிறோம்? மிச்சம் பிடித்ததை ஆட்டோவுக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வரவா? டவுன் பஸ்ஸில் 2021-இல் இருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை, உண்மைதான், நல்ல திட்டம். ஆனால் பையோடு நாலு பெண்கள் கை காட்டினால் தள்ளிப் போய் நிறுத்துகிற பஸ்ஸும் உண்டு, நிறுத்தாமலே போகிற பஸ்ஸும் உண்டு. வெயிலில் காத்து நின்றுவிட்டுக் கடைசியில் நடக்கத்தான் வேண்டும்.

எங்கள் ஊரில் என்ன வாழ்ந்தது என்று கேட்பீர்கள். அங்கே பொருள் இல்லாமல்தான் வந்தோம், மறுக்கவில்லை. ஆனால் ஆட்கள் ரோட்டைக் கடக்கக் கோடு போட்ட மஞ்சள் கடவையில் கால் வைத்தால் பெரும்பாலும் பஸ்ஸே நின்றுவிடும். இங்கே பால் வாங்க ரோட்டைக் கடக்க நின்றால், ஹாரன் அடித்துக்கொண்டு இன்னும் வேகமாக வருகிறார்கள்.

சட்டம் இல்லையா என்றால் இருக்கிறது. நடைபாதை குறைந்தது 1.8 மீட்டர் அகலமாவது இருக்க வேண்டும் என்று, சாலை அமைக்க விதிமுறை வகுக்கிற இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்ற அமைப்பு எழுதிவைத்திருக்கிறது. தடையில்லாத நடைபாதை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவில் அடங்கிய உரிமை என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அந்த 21ஆம் பிரிவு குடிமக்களுக்கு மட்டும் என்று எங்கும் சொல்லவில்லை, எந்த மனிதரின் உயிரையும் சட்டப்படி அல்லாமல் பறிக்கக் கூடாது என்றுதான் சொல்கிறது. அப்படியானால் முகாமில் இருக்கிற நாங்களும் அதில் உண்டு. உள்ளூர் மீனவப் பெண்களும் உண்டு. அவர்களும் தலையில் மீன்கூடையோடு இதே பள்ளத்தில்தான் நடக்கிறார்கள், எங்களைவிடப் பல வருடம் கூடுதலாக.

பாம்பன் சாலைப் பாலத்தில் வண்டியை ஓரம்கட்டிப் படம் பிடிக்கிறவர்களை எல்லோருக்கும் தெரியும். அவர்களுக்காகப் போலீஸ் நிற்கும், அறிவிப்புப் பலகை நிற்கும். நடந்து போகிறவளுக்காக நிற்க எதுவும் இல்லை.

கோடி ரூபாய்த் திட்டம் எதுவும் கேட்கவில்லை. கருவேலத்தை வேரோடு எடுங்கள். தார் ஓரத்துப் பள்ளத்தை மட்டப்படுத்துங்கள். கடைத்தெரு முன்னால் வெள்ளைக் கோடு போட்டு ஒரு வேகத்தடை வையுங்கள். இதற்கெல்லாம் கோப்பு நகர வேண்டும், நாளாகும் என்றால் சரி, ஆகட்டும். ஆனால் அந்த முள்ளை வெட்ட ஒரு அரிவாளும் இரண்டு ஆட்களும் போதும். அதையாவது அடுத்த அமாவாசைக் கூட்டம் வருவதற்குள் செய்யுங்கள்.