வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்தது என்று அர்த்தமா?

நேற்றிலிருந்து நாலைந்து பேர் அந்தக் காணொளியை அனுப்பிவிட்டீர்கள். போதும், பார்த்துவிட்டேன். இத்தாலியில் பரோலோ என்ற ஒயின் ஊரில் ஒரு குடும்பத் தோட்டத்துக்குப் போய், அவர்கள் ஊற்றிக் கொடுத்த ஒயினை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, வெளுப்பாக இருக்கிறதே என்று, "தண்ணி கலந்து ஏமாத்துறாங்க மக்களே" என்கிறார் காணொளி எடுத்த தம்பி. பக்கத்தில் அந்த வீட்டு அம்மா மொழி புரியாமல் சிரித்துக்கொண்டு நிற்கிறார். அந்தச் சிரிப்புதான் என்னைத் தூங்கவிடவில்லை.

பரோலோ ஒயின் நெபியோலோ என்ற திராட்சையில் செய்வது, அது வெளுப்பாகத்தான் இருக்கும். அந்தத் திராட்சையின் தோலில் சாயம் குறைவு. இருக்கிற சாயமும் நிற்காது, சில வருடங்களில் செங்கல் நிறத்துக்கு இறங்கிவிடும். ஆனால் துவர்ப்பு வாயைக் கட்டிப்போடும். அது அடங்கத்தான் காத்திருக்கிறார்கள். பரோலோ என்று பெயர் போட்டு விற்க 38 மாதம் ஆக வேண்டும், அதில் 18 மாதம் மரப் பீப்பாயில். வேறு திராட்சை சேர்க்கக் கூடாது. சேர்த்தால் நிறம் ஏறும் தம்பி! கலக்காததால்தான் இந்த வெளுப்பு.

டுரினில் படித்தபோது ஓர் அக்டோபரில் அந்தப் பக்கம் வேறொரு குடும்பத்துக்குத் திராட்சை பறிக்கப் போனேன். வீட்டுப் பெரியவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். வேலை முடிந்ததும் ஏணி போட்டுப் பெரிய பீப்பாயின் தலைக்கு ஏறுவார். மரத்தின் வழியே ஒயின் ஆவியாகி மட்டம் இறங்கும், காற்றுப் பட்டால் கெட்டுவிடும். அதே ஒயினை விளிம்பு வரை ஊற்றி நிரப்புவார். ஒரு சொட்டு வழிந்தது. விரலால் துடைத்து நாக்கில் வைத்துக்கொண்டார். அந்தக் கையா தண்ணீர் கலக்கும்?

"குடிக்கு வக்காலத்தா?" என்று வருவீர்கள். குடிக்குச் சித்தப்பாவைக் கொடுத்த வீடு எங்களுடையது. குடிக்காதீர்கள், அது வேறு பேச்சு. உழைத்தவரைத் திருடன் என்பது வேறு. விலை அதிகமா? அதிகம்தான், வாங்க வேண்டாம். "1986-இல் அங்கேயே மெத்தனால் கலந்து 20 பேருக்கு மேல் சாகவில்லையா?" செத்தார்கள். அந்தச் சரக்கு வந்த நார்சோலே, பரோலோவுக்குப் பக்கத்து ஊர்தான். அதனால்தான் சொல்கிறேன், கலப்படம் என்ற சொல் அந்த ஊர்க்காரர் காதில் எப்படி விழும் என்று யோசியுங்கள்.

நிறம், நிறம் என்று சந்தை அவர்களைப் படுத்தியது கொஞ்சமா? எண்பதுகளில் எலியோ அல்தாரே என்ற பரோலோ ஒயின்காரர், சின்னப் புதுப் பீப்பாய்களுக்கு மாறுவதற்காக அப்பாவின் பழைய பீப்பாய்களை ரம்பத்தால் அறுத்துப் போட்டார், அப்பா சொத்தில்லை என்று எழுதிவிட்டார். அதே ஊர் ஒயின்காரர் பார்தோலோ மஸ்காரெல்லோவோ 2005-இல் சாகும்வரை அந்தச் சின்னப் பீப்பாய்களுக்கு இடமே கொடுக்கவில்லை. இன்று அவர் மகளும் அதே பெரிய பீப்பாய்களில்தான் வைக்கிறார். வெளுப்பாக இருக்கிறதே என்று ஊர் சொன்னபோதும் வெளுப்பாகவே செய்தவர்கள் இந்த மஸ்காரெல்லோ வீட்டார்.

வெளுப்பு கலப்படம் இல்லை, இல்லவே இல்லை. அந்த ஒரு வரியையாவது வெட்டிவிடு தம்பி. அந்த அம்மா பேரப்பிள்ளையிடம் காட்டி, என்னைப் பற்றி என்ன சொல்கிறான் என்று கேட்பதற்குள்.