ரெனால்ட் ஸ்காலாவில் இருப்பது மட்டமான எஞ்சின் அல்ல

'நிசான் சன்னியில் நல்ல எஞ்சினும், அதே உருவமுள்ள ரெனால்ட் ஸ்காலாவில் மட்டமான எஞ்சினும் வைத்து விற்றார்கள். அதனால்தான் ஸ்காலா படுத்துவிட்டது, பழைய வண்டியாகக்கூட வாங்காதீர்கள்' என்றொரு குரல் பதிவு, நாகர்கோவில், மார்த்தாண்டம் பகுதி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிவருகிறது. இது தவறு.

இரண்டு கார்களுமே சென்னையை அடுத்த ஒரகடத்தில், ஒரே ஆலையில் தயாரானவை. டீசல் வகை இரண்டிலும் ஒரே 1461 சிசி எஞ்சின், பெட்ரோல் வகை இரண்டிலும் ஒரே 1498 சிசி எஞ்சின். வேடிக்கை என்னவென்றால், சன்னியின் அந்த 'நல்ல' டீசல் எஞ்சினே ரெனால்ட் உருவாக்கியதுதான். இரண்டு வண்டிகளின் ஆர்.சி. புத்தகங்களையும் அருகருகே வைத்து, எஞ்சின் கொள்ளளவு என்ற இடத்தைப் பார்த்தாலே இந்த எண்கள் தெரிந்துவிடும்.

ஸ்காலா தோற்றதற்கான காரணம் எஞ்சினில் இல்லை. 2011-இல் வந்த சன்னியை மக்கள் பார்த்துப் பழகிய பிறகு, 2012-இல் முன் பம்பரையும் கிரில்லையும் முத்திரையையும் மாற்றி அதே காரைக் கொண்டுவந்தால், புதிதாக என்ன கிடைக்கிறது என்று வாங்குபவர் கேட்கத்தான் செய்வார். அதே ஆண்டு வந்த டஸ்டர் என்ற எஸ்யூவி கார்தான் ரெனால்ட் ஷோரூமுக்கு ஆட்களை இழுத்தது. முத்திரை மாற்றிய கார் எல்லாமே தோற்கும் என்பதும் சரியல்ல: மாருதி சுசுகி பலேனோவின் மறுவடிவமான டொயோட்டா கிளான்ஸா, 2019-இல் கூடுதல் வாரண்டியுடன் வந்து நன்றாகவே விற்றது.

பழைய ஸ்காலாவை வாங்க நினைப்பவர்கள் நம்பகமான மெக்கானிக்கிடம் காட்டி முடிவெடுக்கலாம். அந்தக் குரல் பதிவை, தயவுசெய்து, இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.