நிலாவும் அந்த மண்டலத்தில்தான் இருக்கிறது

ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவிலில் 'இரண்டாவது பூமி' பற்றிய கூட்டத்தில் நடந்ததைப் பற்றி இனி பேச வேண்டாம் என்றுதான் இருந்தேன். காலையில் வாட்ஸப் குழுவைத் திறந்தால் மறுபடியும் அதே படம். நீலக் கடல், பாறை மலை, மேலே சிவப்புச் சூரியன், கீழே 'நமது இரண்டாவது பூமி'. சரி, எழுதிவிடுகிறேன்.

அது புகைப்படம் இல்லை, ஓவியம். அதில் வரைந்திருப்பது பிராக்சிமா சென்டாரி பி, சூரியனுக்கு மிக அருகில் இருக்கும் நட்சத்திரமான பிராக்சிமாவைச் சுற்றும் கோள். அதை யாரும் அப்படிப் படம் பிடித்ததில்லை. 2016-ல் அதைக் கண்டுபிடித்ததே அதன் நட்சத்திரம் தள்ளாடுவதை வைத்துத்தான். 11.2 நாளுக்கு ஒரு முறை நம் பக்கம் வந்து விலகுகிறது. வேகம் மணிக்குச் சுமார் 5 கிலோமீட்டர். சங்குத்துறைக் கடற்கரையில் சாயங்காலம் நடக்கிறவர்கள் வேகம். 40 லட்சம் கோடி கிலோமீட்டருக்கு அப்பால் நடக்கும் அந்த நடையைப் பிடித்திருக்கிறார்கள்! கூட்டத்தில் அதற்கு ஒருவரும் கைதட்டவில்லை. "இருபது வருஷத்தில் நம் பிள்ளைகள் அங்கே வீடு கட்டுவார்கள்" என்று பேச்சாளர் சொன்னதும் அரங்கமே அதிர்ந்தது.

நான் எழுந்து சொன்னது ஒன்றுதான். வாழத்தகு மண்டலத்தில் இருப்பது வேறு, வாழ முடிவது வேறு. காற்று சரியாக அமைந்தால் தண்ணீர் தண்ணீராகவே நிற்கக்கூடிய தூரம், அவ்வளவுதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம். சூரியனின் வாழத்தகு மண்டலத்தில் நம் நிலாவும்தான் இருக்கிறது. அங்கே எத்தனை பேர் குடியிருக்கிறார்கள்? இதைக் கேட்டு முடிப்பதற்குள் மைக்கை வாங்கிவிட்டார்கள்.

"பிள்ளைகளின் ஆர்வத்தைக் கெடுக்கிறீர்கள் சார்" என்கிறார் ஒருவர். நானா? 2019-ல் அந்த நட்சத்திரம் சில நொடிகளில் புற ஊதா ஒளியில் 14,000 மடங்கு பிரகாசமானது. அதைச் சொன்னால் எந்தப் பிள்ளைக்கு ஆர்வம் போகும்? அந்தக் கோளில் காற்று மிஞ்சியிருக்குமா என்ற கேள்வியே அங்கிருந்துதானே வருகிறது. 'நீ என்ன விஞ்ஞானியா' என்பவர்களுக்குப் பதில் இல்லை. பேச்சாளரும் விஞ்ஞானி இல்லை.

குழுவில் இன்னொருவர் எழுதியதைத்தான் விழுங்க முடியவில்லை. 'கடலைப் பாத்தவன் மகன் வானத்தைப் பேச வந்துட்டான்.'

ஆமாம், பேசுவேன். என் அப்பா கட்டுமரத்தில் போனவர். மே மாதம் ராத்திரி பதினொரு மணிவாக்கில் தெற்கே கடலுக்கு மேலே குருசு வெள்ளி நிற்கும். வெள்ளி என்றால் எங்கள் பேச்சில் நட்சத்திரம்; குருசு வெள்ளி என்பது தென்சிலுவை. அதற்குக் கிழக்கே பளிச்சென்று இரண்டு. அதில் கடைசி வெள்ளிதான் ஆல்ஃபா சென்டாரி. வெறுங்கண்ணுக்குத் தெரியாத பிராக்சிமா அதன் பக்கத்தில்தான் இருக்கிறது. பேரெல்லாம் அப்பாவுக்குத் தெரியாது. அதைப் பார்த்துக் கரை சேரத் தெரியும். டெல்லிக்காரர் அந்த வெள்ளியைப் பார்க்கவே தெற்கே வர வேண்டும். நம் ஊரிலோ வாசலுக்கு வந்தால் போதும், யாரும் வருவதில்லை.

நொடிக்கு 17 கிலோமீட்டர் போகும் வாயேஜர் 1 விண்கலம் பிராக்சிமா இருக்கும் தூரத்தைக் கடக்க 70 ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகும். 2017 ஒக்கிப் புயலில் நம் கடலுக்குப் போனவர்களையே நாள்கணக்கில் தேடினோம். கண்முன்னால் குளத்தில் மண்ணடித்து மனை போடுகிறார்கள். அதற்கு இந்தக் குழுவில் ஒரு பதிவு உண்டா? இரண்டாவது பூமிக்கு மட்டும் இருநூறு இதயக்குறி.

கூட்டம் முடிந்ததும் ஒரு சிறுமி வந்து, "அப்ப அங்க ஒரு பக்கம் எப்பவும் ராத்திரியா மாமா?" என்று கேட்டாள். அந்தக் கோள் ஒரே பக்கத்தை நட்சத்திரத்துக்குக் காட்டியபடி சுற்றுகிறது, அதனால் அப்படித்தான் இருக்கலாம் என்று நினைக்கிறார்கள் என்றேன். மே மாதம் மேகம் இல்லாத ஒரு நாள் அப்பாவோடு முட்டத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன். குழுவிலிருந்து என்னை நீக்குவதென்றால் நீக்கிக்கொள்ளுங்கள்.