மேலவையும் எங்கள் பூட்டன் கட்டிய கரமும்

போன ஞாயிற்றுக்கிழமை கருங்கல் பக்கம் என் பழைய வாத்தியார் வீட்டுக்குப் போயிருந்தேன். பேச்சு எப்படியோ, தமிழ்நாட்டில் சட்டசபைக்கு மேல் இரண்டாவது அவையாக முன்பு இருந்த சட்ட மேலவைக்குத் திரும்பிவிட்டது. அது மறுபடி வர வேண்டும் என்பது சாரின் நெடுநாள் ஆசை. "மக்ளே, படிச்சவன் நாலு பேரு உள்ள இருந்தாத்தான் சட்டம் சட்டம்போல இருக்கும். நம்ம மாவட்டத்துல வீட்டுக்கு வீடு டிகிரி கெடக்கு. பட்டதாரித் தொகுதி வந்தா நமக்குத்தான் லாபம், கேட்டியா?" என்றார்.

அங்கே நான் வாயைத் திறக்கவில்லை. பெஞ்சுமேல் நிற்க வைத்தவரிடம் எதிர்த்துப் பேச இந்த வயதிலும் நாக்கு எழும்பாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு மேலவை வேண்டாம். வேண்டாம் என்பவர்கள் எல்லோரும் செலவைத்தான் சொல்கிறார்கள். அரசாங்கம் பண்ணுகிற செலவுகளுக்கு நடுவில் எழுபத்தெட்டுப் பேருடைய சம்பளமும் படியும் ஒரு செலவா? என் காரணம் வேறு. அது எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஒரு தேதி. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுத் தமிழ்நாட்டோடு வந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. வருஷாவருஷம் அன்றைக்கு, அந்த இணைப்புக்குப் போராடிய நேசமணி சிலைக்கு மாலை போடுகிறோம். சரியாக முப்பது வருஷம் கழித்து, 1986 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டில் மேலவை ஒழிந்தது. எம்.ஜி.ஆர். ஆட்சி. ஒரு திரைநடிகையின் நியமனத்தில் வந்த சிக்கல்தான் அவருக்குக் கோபம் மூட்டியது என்பார்கள். அவரும் ஒரு காலத்தில் அதே அவையில் உறுப்பினராக இருந்தவர் என்பது வேறு கதை. 2010-இல் தி.மு.க. ஆட்சி அதைத் திரும்பக் கொண்டுவரத் தீர்மானம் போட்டது. 2011-இல் ஆட்சி மாறியதும் அந்தத் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றார்கள். தி.மு.க.வின் 2021 தேர்தல் அறிக்கையில் மறுபடியும் தலைகாட்டியது. இப்படியே போய்க்கொண்டிருக்கிறது.

இதெல்லாம் சென்னைக் கதை. நம் ஊருக்கு அதற்கும் முந்திய ஒரு கதை உண்டு. அதைப் பேச ஆளில்லை.

1888-இல், ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா காலத்தில், திருவிதாங்கூரில் ஒரு சட்டசபை ஏற்பட்டது. இந்திய சமஸ்தானங்களிலேயே அதுதான் முதல். ஆகஸ்ட் 23-ஆம் தேதி திவானுடைய அறையில் கூடினார்கள். மொத்தம் எட்டுப் பேர். அதில் ஆறு பேர் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள், இரண்டே பேர் வெளியாட்கள். ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசி முடித்திருப்பார்கள். தேர்தல் என்கிற பேச்சே கிடையாது. குளச்சல் கடற்கரையில் வலை இழுத்தவனுக்கும் பூதப்பாண்டியில் நாற்று நட்டவளுக்கும் அப்படி ஒன்று இருக்கிறது என்றே தெரிந்திருக்காது.

அப்புறம் 1904-இல் ஸ்ரீமூலம் பிரஜா சபை வந்தது. நூறு பேர். அக்டோபர் 22 அன்று திருவனந்தபுரம் வி.ஜே.டி. ஹாலில் முதல் கூட்டம். சட்டம் போடும் அதிகாரம் இல்லை. ஊர்க் குறைகளைச் சொல்லலாம், மகாராஜா மனசு வைத்தால் நடக்கும். முதல் வருஷம் அதிகாரிகளே ஆள் பார்த்து அனுப்பினார்கள், தாலுகாவுக்கு இரண்டு பேர் வீதம். மறுவருஷம், 1905-இல், தேர்தல் வந்தது. நூறில் 77 பேரை ஜனங்கள் தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள்.

எந்த ஜனங்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வருஷத்துக்கு ஐம்பது ரூபாயாவது நிலக்கரம், அதாவது நிலவரி, கட்டுகிறவன். இல்லையென்றால் இரண்டாயிரம் ரூபாய் வருமானம் உள்ளவன். அதுவும் இல்லையென்றால் பட்டம் வாங்கிப் பத்து வருஷம் ஆனவன்.

அந்தக் கடைசி வரியை நான் இரண்டு தடவை படித்தேன். இன்றைக்கும் நம் அரசியல் சட்டத்தில் மேலவைக்குப் பட்டதாரித் தொகுதி என்று ஒன்று இருக்கிறது. பன்னிரண்டில் ஒரு பங்கு இடம். யாருக்கு ஓட்டு? பட்டம் வாங்கி மூன்று வருஷம் ஆனவருக்கு. நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் பத்து மூன்றானதுதான் மிச்சம்.

ஒருவேளை நான் கொஞ்சம் அநியாயமாகப் பேசுகிறேனோ என்னவோ. அந்தப் பழைய சபைகளால் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். நாஞ்சில் நாட்டு வேளாளர் வீடுகளில் மருமக்கள் வழி இருந்தது. அப்பன் தேடிய சொத்து பிள்ளைக்குப் போகாது, சகோதரி மகனுக்குப் போகும். தாய் பிள்ளைகளோடு தெருவில் நிற்க வேண்டிவரும். தேரூர்க்காரரான கவிமணி அதை வைத்து எழுதிய நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியத்தைப் படித்தால் இப்போதும் சிரிப்பு வரும், சிரித்து முடிக்கும்போது வயிறு எரியும். கடைசியில் 1926-இல், கொல்லம் ஆண்டு 1101-இல், நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து மக்கள் வழிக்கு வழி விட்டது. பிற்பாடு கரம் கட்டியவனுக்கு ஓட்டு வந்திருந்த சட்டசபை செய்ததுதான் அது. அதை மறுக்க முடியாது. ஆனால் அது சொத்து உள்ளவர்களுக்குள் இருந்த சொத்துத் தகராறு என்பதையும் மறக்கக் கூடாது.

சொத்தே இல்லாதவன் கதை வேறு. ஒடுக்கப்பட்ட ஜனங்களின் தலைவர் அய்யன்காளி பிரஜா சபைக்குப் போனார், தன் ஜனங்களுக்காகப் பள்ளிக்கூடமும் நிலமும் கேட்டார். ஆனால் அவர் போனது நியமனத்தில். அவருடைய ஆட்கள் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டு அவரை அனுப்ப முடியாது. அந்த வி.ஜே.டி. ஹாலுக்கு இப்போது அய்யன்காளி பெயர்தான் வைத்திருக்கிறார்கள். திருவனந்தபுரம் போகும்போது பாருங்கள்.

1932-இல் சீர்திருத்தம் என்று சொல்லி இரண்டு அவை ஆக்கினார்கள். கீழே ஸ்ரீமூலம் அசெம்பிளி, மேலே ஸ்ரீசித்ரா கவுன்சில். ஓட்டுரிமை அப்போதும் சொத்தையும் வரியையும் பிடித்துக்கொண்டுதான் நின்றது. ஈழவரும் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும், இப்படி ஓட்டு இருந்தால் எங்களுக்கு இடம் கிடைக்காது என்று சொல்லித் தேர்தலை விட்டே விலகி நின்றார்கள். நிவர்த்தனக் கிளர்ச்சி என்று பெயர். நம் பள்ளிப் பாடத்தில் உப்புச் சத்தியாகிரகம் வந்தது, இது வரவில்லை. எல்லை மாறும்போது வரலாற்றைப் பாதி வழியில் இறக்கிவிட்டு வந்துவிட்டோம்.

எல்லோருக்கும் ஓட்டு என்பது 1948 பிப்ரவரியில்தான் வந்தது. என் பாட்டி அப்போதுதான் கல்யாணமாகி வந்த பெண். பாட்டா ஓலைக் குடையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போக, தான் பின்னால் போய் ஓட்டுப் போட்டதாகச் சொல்வாள். யாருக்கு என்று கேட்டால் சொல்ல மாட்டாள். அந்தச் சமயத்தில்தான் மங்காடு தேவசகாயமும் கீழ்குளம் செல்லையாவும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் 14 இடம் பிடித்தது. 120-இல் 14. தமிழர்களுக்கு என்று ஒரு குரல் அந்தச் சபையில் இருப்பதே அன்றைக்குத்தான் கணக்கில் தெரிந்தது. 1954-இல் 117-இல் 12 இடம். அதே வருஷம் ஆகஸ்ட் 11, மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு. அப்போதைய முதலமைச்சர் பட்டம் தாணுபிள்ளையின் மந்திரி சபையை விலகச் சொன்னவர் அவர் கட்சியின் பொதுச் செயலாளர் லோகியாவேதான். விலகவில்லை.

கரம் கட்டியவனும் டிகிரி வாங்கியவனும் மட்டும் ஓட்டுப் போட்டிருந்தால் இந்த 14 வந்திருக்குமா, இந்த மாவட்டம் வந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

சரி, சார் வீட்டுக்குத் திரும்புவோம். சார் ஒரு தடவை மேலவை ஆசிரியர் தொகுதியில் ஓட்டுப் போட்டிருக்கிறார். முத்திரை குத்துவது கிடையாதாம். பெயருக்கு எதிரே 1, 2, 3 என்று விருப்ப வரிசையில் எண் எழுத வேண்டும். அதை விரலால் காற்றில் எழுதிக் காட்டினார், கரும்பலகையில் எழுதுவதுபோலவே. அப்போது சமையல்கட்டில் இருந்து டீச்சர் குரல் வந்தது: "எனக்கு அந்த ஓட்டு கெடையாது, பிள்ளே. நான் சின்னப் பிள்ளையளுக்கு அல்லவா அனா ஆவன்னா சொல்லிக் குடுத்தேன்."

உண்மைதான். உயர்நிலைப் பள்ளிக்குக் கீழே பாடம் நடத்தினால் அந்தத் தொகுதியில் ஓட்டு இல்லை. ஒரே வீடு, இரண்டு வாத்தியார், ஒரு ஓட்டு. சார் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைத் துடைத்தார்.

நேற்று அந்த டிரங்குப் பெட்டியில் இருந்த ரசீதை எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். பாட்டாவுடைய அப்பா கரம் கட்டிய சீட்டு. மேலே சங்கு முத்திரை, கீழே எல்லாம் மலையாள எழுத்து, ஓரமெல்லாம் செல் அரித்திருக்கிறது. எனக்குப் படிக்க வராது, சாருக்கு வரும். வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். மூன்று பணம் இரண்டு சக்கரம்.

"பணத்துக்கு நாலு சக்கரம். அப்ப பதினாலு சக்கரம். ரூவாய்க்கு இருபத்தெட்டு சக்கரம், இது அரை ரூவா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். கணக்கு வாத்தியார், விட மாட்டார். "ஐம்பது ரூவாய்க்கு ஆயிரத்து நானூறு சக்கரம்..." என்று இழுத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"உனக்க பூட்டனப்போல நூறு பேரு சேந்தாத்தான் மக்ளே ஒரு ஓட்டு."

ரசீதை நாலாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார். மேலவையைப் பற்றி அதற்கப்புறம் பேச்சு வரவில்லை. டீச்சர் கட்டன் சாயா கொண்டுவந்து வைத்தார்.